நாற்பது மில்லி, தெளிவு

ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி நோயாளியாகப் படுத்தால் என்ன ஆகும்? வார்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் பிராணன் போகும். ஏழாம் நம்பர் கட்டில்காரி அப்படித்தான். பெட்ஷீட் மூலையைச் சரியாக மடிக்கவில்லை என்பதில் ஆரம்பித்து, சலைன் சொட்டுகிற வேகம் வரைக்கும் குறை. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அவளுடைய பட்டப்பெயர் மட்டும் அந்தக் கட்டடத்தில் அழியவில்லை. கணக்கு அக்கா. வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் எத்தனை துணி, எத்தனை கத்திரி, எத்தனை ஊசி. மூடுவதற்கு முன்னால் எத்தனை. எண்ணிக்கை சரியாக வராமல் எந்தக் கொம்பனையும் அவள் தையல் போட விட்டதில்லை. ஒரு தடவை ஒரே ஒரு துணி குறைகிறது என்று ஒண்ணேகால் மணி நேரம் எல்லோரையும் நிற்க வைத்தாள். கடைசியில் அது சர்ஜனின் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கக்கூட இல்லை. "இப்ப தைங்க" என்றாள்.

இப்போது அவளுடைய பெருங்குடலில் ஒரு கட்டி. திங்கட்கிழமை ஒரு சாண் நீளத்தை வெட்டியெடுத்து, மீதி இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தைத்தவர் அந்தப் பிரிவின் தலைமை சர்ஜன். தலை வழுக்கையாகி, மூக்குக்கண்ணாடி போட்டு, பேத்தியே பிறந்துவிட்டது மனிதருக்கு. ஆனாலும் அவளுக்கு அவர் இன்னும் சின்ன டாக்டர்தான். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் அவளிடம் விரல் விட்டு எண்ணினார்.

"சக்கரை. இதயம் பலவீனம். மூட்டுக்காக ஒம்பது வருஷமா ஸ்டீராய்டு மாத்திரை. போட்ட தையல் ஒட்டாம போறதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் சேத்து வெச்சிருக்கீங்கக்கா."

"எதையும் பாதியில விட்டுப் பழக்கமில்ல எனக்கு" என்றாள் அவள்.

சம்மதப் படிவத்தில் நோயாளியின் கையெழுத்து ஒன்று, உறவினர் கையெழுத்து ஒன்று வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் அது சட்டம். அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த கீழ்வீட்டு டெய்லர்தான் போட்டார். 'உறவுமுறை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "என்னன்னு எழுதட்டும்?" "கீழ்வீடுன்னு எழுதுங்க." அப்படியே எழுதிவிட்டார் அந்த நல்ல மனுஷன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் கடையைத் திறக்கப் போன பிறகு அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உறவே இல்லாதவள் அல்ல. ஒரு தங்கை இருந்தாள், ஆறு மணி நேர ரயில் தூரத்தில். பதினொரு வருஷமாகப் பேச்சு கிடையாது.

காரணம் அம்மா. அம்மாவுக்கு எழுபத்துமூன்று வயதில் குடல் ஓட்டையாகி வயிறு முழுக்கச் சீழ் பரவியது. இதே ஆஸ்பத்திரி, இதே தியேட்டர். திறந்து கழுவினார்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி, அதற்கப்புறம் மறுபடி. மூன்று தடவையும் கையெழுத்துப் போட்டவள் மூத்தவள். பத்தொன்பதாவது நாள் அம்மா போய்விட்டாள். எல்லாம் முடிந்த அன்று தங்கை வாசலில் நின்று சொன்னாள்: "வெட்டறது உனக்கு வேலை. அம்மாவும் உனக்கு ஒரு கேஸுதான்." சொல்லிவிட்டுப் போனவள் போனவள்தான்.

தங்கைக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மூன்றாவது ஆபரேஷனுக்கு முன்னால், தங்கை டீ வாங்கக் கீழே போயிருந்தபோது, அம்மா கண் திறந்து மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்டி. இனிமே என்னைத் தூக்கிட்டுப் போகாதீங்க." நினைவு தெளிவாக இருந்து சொன்ன வார்த்தை. பத்து நிமிஷம் கழித்துப் படிவம் வந்தது. இவள் போட்டுவிட்டாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் அம்மாவோடேயே இருந்துவிட்டவள். அம்மா இல்லாத வீட்டுக்குள் தனியாகப் போக அவளுக்குத் தைரியமில்லை. அவ்வளவுதான் காரணம். மருத்துவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

இதை ஒரு ஜீவனிடமும் அவள் சொன்னதில்லை. ஆபரேஷன் என்று ஆனதும், சொல்லாமல் செத்துப்போய்விடுவோமோ என்று பயந்தாள். தங்கை வீட்டுக்குப் போன் போட்டாள். தங்கையின் வீட்டுக்காரர் எடுத்தார், "சொல்றேன்" என்றார். புதன்கிழமை ஒரு செய்தி வந்தது. 'சனிக்கிழமை வர்றேன். நாலு மணிக்கு.' அக்கா என்ற வார்த்தைகூட அதில் இல்லை. அவள் அதை எத்தனை தடவை படித்தாள் என்று எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான் இருக்கும்.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல்.

அவளுடைய விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்து கட்டிலோரம் தொங்கிய பையில் முடிந்தது. வயிற்றுக்குள் ஊறுகிற நீர் அதில் வடியும். உள்ளே தையல் எப்படியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள அந்த நீரின் நிறம்தான் நல்ல வழி. தினம் மூன்று வேளை அதை அளந்து அட்டையில் எழுத வேண்டும். எழுத வேண்டியவள் வார்டு நர்ஸ், நடந்தால் கீச்கீச்சென்று சத்தம் போடுகிற ஷூ போட்ட சின்னப் பெண். முப்பது கட்டிலுக்கு அவளும் இன்னொருத்தியும்.

"ஆன்ட்டி, பையைக் காட்டுங்க."

"ஆன்ட்டியா? நான் என்ன உன் எதிர்வீட்டுக்காரியா? நீ போய் அந்த மூணாம் நம்பரைப் பாரும்மா, பாவம் வாந்தி எடுக்கறாங்க. இதை நானே அளந்து எழுதிக்கறேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அளந்தவ நான்."

அந்தப் பெண்ணுக்கும் மூச்சு விட நேரம் கிடைத்தது. செவ்வாய் முதல் அட்டையில் கணக்கு அக்காவின் முத்து முத்தான கையெழுத்துதான். '60 மில்லி, இளஞ்சிவப்பு.' '50 மில்லி, தெளிவு.' '40 மில்லி, தெளிவு.' நோயாளியே தன் குழாய்க்குக் காவல் இருக்கிற கூத்தை வேறு எந்த வார்டிலும் பார்க்க முடியாது. அவளைத் தவிர வேறு யாருக்கும் அந்த உரிமையை யாரும் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. பையைத் தூக்கிப் பார்த்தாள். நீர் கலங்கியிருந்தது. பழுப்பும் பச்சையுமாக, அடியில் மண்டி. மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. சொல்லிக்கொடுக்க வேண்டுமா அவளுக்கு? தையல் விட்டுவிட்டது. குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசிகிறது.

வேறு யாராக இருந்தாலும் வயிறு பலகையாக இறுகி, வலியில் ஊரைக் கூட்டியிருப்பார்கள். ஸ்டீராய்டு தின்ற உடம்புக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அது வாயை மூடிக்கொள்ளும். காய்ச்சல் வராது, வலி வராது, வயிறு பஞ்சாகவே இருக்கும். வீட்டுக்குள் தீப்பிடித்திருக்க, வாசலில் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிற கதைதான்.

இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று படிப்படியாகத் தெரியும் அவளுக்கு. இரண்டு மணி நேரத்தில் தியேட்டர். கழுவிவிட்டு, குடல் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்து ஒரு பை வைப்பார்கள். தொண்டைக்குள் குழாய், நாலைந்து நாள் மயக்கம். அவளுடைய இதயத்துக்கு, பிழைப்பது பாதிக்குப் பாதி. தங்கை நாளைக்கு வந்து கட்டிலோரம் நிற்பாள். இவள் வாயில் குழாயோடு கிடப்பாள். அதுதான் கடைசியாகவும் இருக்கலாம்.

நாளை நாலு மணிக்கு இன்னும் இருபத்தைந்து மணி நேரம்.

ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு உயிரைத் தின்னும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எழுந்தாள். சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போய் அதைக் கொட்டினாள், கழுவினாள், திரும்பி வந்து பையின் மேல் துண்டைப் போர்த்தினாள். அட்டையை எடுத்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு எண்ணைக் கூட மாற்றி எழுதாத கை. '40 மில்லி, தெளிவு' என்று எழுதியது. எழுதி முடித்ததும் கையை அவளாலேயே பார்க்க முடியவில்லை, போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குச் சின்ன டாக்டர் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"நாடி நூத்திநாலு ஓடுதே. என்ன, பயமா?"

"நாளைக்குத் தங்கச்சி வர்றா."

"அட! பேசறாங்களா?" அவருக்கு அந்தக் கதை கொஞ்சம் தெரியும். முகம் மலர்ந்துவிட்டது. அட்டையைப் புரட்டினார், கையெழுத்தைப் பார்த்தார். "உங்க கணக்கா? அப்ப நான் பாக்கவே வேண்டாம்" என்று சொல்லி மூடி வைத்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. அவர் பதினோராம் கட்டிலுக்குப் போய்விட்டார்.

ராத்திரியும் மறுநாள் காலையிலும் அட்டையில் அதே வரியைத்தான் எழுதினாள். சனிக்கிழமை காலையில் விக்கல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. வாய் உலர்ந்து ஒட்டியது, கால் ஜில்லென்று இருந்தது. சின்ன டாக்டர் தியேட்டரில் இருந்தார். ஜூனியர் டாக்டர் வந்து, நாடி நூற்றுப் பதினெட்டைப் பார்த்து, இதயமாக இருக்கும் என்று ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அட்டை அப்படிச் சொன்னது.

பன்னிரண்டு மணிக்கு அவள் ஜன்னல் கம்பிகளை எண்ணினாள். பதினாலு. சும்மா இன்னொரு தடவை எண்ணினாள். பதிமூன்று. மறுபடி. பதினாறு. அப்போதுதான் அவளுக்குத் திகில் பிடித்தது. ரத்தத்தில் விஷம் ஏறினால் முதலில் புத்தி தடுமாறும், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். நாலு மணிக்குள் புத்தி போய்விட்டால்? தங்கையை அடையாளம் தெரியாமல் போய்விட்டால்? இவ்வளவு பாவமும் வீணா? சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அம்மா போதும்னு சொன்னா. நான் கேக்கல. அம்மா போதும்னு சொன்னா. நான் கேக்கல. பக்கத்துக் கட்டில்களுக்குச் சொந்தக்காரர்கள் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டு வந்து மூடியைத் திறந்துகொண்டிருந்தார்கள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நாலு மணி என்று சொன்னவள் இரண்டுக்கே வந்துவிட்டாள். பார்வையாளர் நேரம் இல்லை என்று தடுத்த காவலாளியிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள், மூச்சிரைப்பு அடங்கவில்லை. தலை பாதி நரைத்திருந்தது. கைப்பையை மார்பின் குறுக்கே போட்டுக்கொள்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை. கட்டிலுக்கு மூன்றடி தள்ளியே நின்றாள்.

"வாடி" என்றாள் மூத்தவள், விக்கலுக்கு நடுவே.

தங்கை மூக்கைச் சுளித்தாள். "என்ன வாசனை இது?"

"ஆஸ்பத்திரின்னா வாசனை இருக்காதா? உக்காரு."

"ஆஸ்பத்திரி வாசனை எனக்குத் தெரியும். அம்மா பக்கத்துல பத்தொம்பது நாள் உக்காந்திருக்கேன். இது அம்மாகிட்ட வந்த வாசனை." குனிந்து துண்டை இழுத்தாள். பை தெரிந்தது. "எப்பத்திலேருந்து?"

"நேத்து மூணு மணி."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவருக்குத் தெரியாது."

"நீ நர்ஸுதானே? புத்தி கித்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஏன் சொல்லல?"

"நீ நாலு மணிக்கு வர்றேன்னே."

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. "அடிப்பாவி" என்றாள், சத்தமே வராமல். திரும்பி ஓடப் போனவளின் கையை மூத்தவள் எட்டிப் பிடித்தாள். "ஒரு நிமிஷம். அவங்க வந்துட்டா பேச முடியாது. இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். மூணாவது தடவைக்கு முன்னாடி நீ டீ வாங்கப் போனியே, அப்ப அம்மா கண்ணு முழிச்சா. போதும்டின்னா. தூக்கிட்டுப் போகாதீங்கன்னா. நான் கேக்கல. கையெழுத்துப் போட்டுட்டேன். போடறப்ப கை நடுங்கிச்சு. பாக்க யாரும் இல்ல. அவ்வளவுதான். இப்ப போய்க் கூப்பிடு."

தங்கை கையை மெல்ல உருவிக்கொண்டாள். அப்புறம் வார்டு வாசலுக்குப் போய் "சிஸ்டர்!" என்று கத்தினாள். முப்பது கட்டிலும் திரும்பிப் பார்த்தது.

அடுத்த பத்து நிமிஷத்தில் ஆறு பேர் கூடிவிட்டார்கள். சின்ன டாக்டர் தியேட்டரிலிருந்து பச்சை உடையோடேயே ஓடி வந்தார். பையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"நாப்பது மில்லி. தெளிவு."

"நான்தான் எழுதினேன்."

"வேற யார் எழுதியிருந்தாலும் பையைத் தூக்கிப் பாத்திருப்பேன்கா" என்றார் அவர். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஷூ போட்ட பெண் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அந்த அட்டையைக் கொண்டா" என்றாள் கணக்கு அக்கா. கடைசி மூன்று வரிகளை அடித்தாள். பக்கத்தில், கோணல்மாணலாக, 'வெள்ளி பகல் 3 முதல் மலம் கலந்த நீர். நோயாளி மறைத்தது. நர்ஸ் மேல் தவறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "அழாதே. இனிமே எவ சொன்னாலும் பையை நீயே பாரு. நானே சொன்னாலும்."

படிவம் வந்தது. சின்ன டாக்டர் தங்கையிடம் சொன்னார்: "வயித்தத் திறந்து கழுவணும். இன்னைக்கு மூட மாட்டோம். திறந்தபடியே வெச்சு, மேல பிளாஸ்டிக் உறை போட்டு, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாப்போம். தேவைப்பட்டா அதுக்கப்புறமும். இருபத்துமூணு மணி நேரம் தாமதம் ஆயிருக்கு. எழுந்திரிக்காமலே போகலாம். நான் மறைக்க விரும்பல."

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குச் சொன்ன அதே வார்த்தைகள். தங்கை பேனாவை வாங்கிக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். முகத்தில் ஈரமே இல்லை.

"நான் உன்னைக் கேக்கறேன். அம்மா சொன்னது உன் காதுல ஏறல. நீ சொல்றது என் காதுல ஏறும். வேணுமா, வேண்டாமா?"

மூத்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாகத் துணிந்துதானே நேற்று அதைக் கொட்டினாள்? இப்போது பார்த்தால் சாக மனசே இல்லை. "வேணும்" என்றாள்.

தங்கை போட்டாள். உறவுமுறைக் கட்டத்தில் 'தங்கை' என்று எழுதினாள். பேனாவை மேஜையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

தியேட்டரில் யாரோ ஒருத்தி துணி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நல்ல தெளிவான குரல். கணக்கு அக்கா கூடவே எண்ணினாள். எட்டு வரை நினைவிருந்தது.

அப்புறம் கண் விழித்தபோது ஜன்னலில் காலை வெயில் இருந்தது. தொண்டைக் குழாயை முந்தின நாள் சாயங்காலம்தான் எடுத்திருந்தார்கள். குரல் சுத்தமாக இல்லை, வெறும் காற்று. கை குச்சியாக இளைத்திருந்தது. சின்ன டாக்டர் குனிந்து சொன்னார்: "இன்னைக்கு சனி. ஒரு வாரம் ஆச்சு. சனி, திங்கள், புதன், மூணு தடவை கழுவினோம். புதன்கிழமை மூடிட்டோம். இடது பக்கம் பை இருக்கு, பயப்படாதீங்க. துணி எண்ணிக்கை மூணு தடவையும் சரி."

அவள் உதடு அசைந்தது. அவருக்குப் புரிந்தது. "வெளியிலதான் இருக்காங்க. ஏழு நாளா அந்த இரும்பு நாற்காலியிலதான். யார்கிட்டயும் ஒரு பேச்சு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை வந்தாள். அன்றைக்குப் போலவே மூன்றடி தள்ளி நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. குறுக்கே போட்ட கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, விரித்து, அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

பென்சிலில் ஒரே ஒரு வார்த்தை. எழுத்துகள் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஆனால் அது யாருடைய கையெழுத்து என்று கேட்க வேண்டியதில்லை. 'போதும்.'

"செவ்வாய்க்கிழமை மயக்கத்தைக் கொஞ்சம் குறைச்சாங்க. நீ கண்ணு முழிச்சே. என்னைத் தெரிஞ்சுது உனக்கு. எழுதணும்னு சைகை காட்டினே, காகிதம் கொடுத்தேன். இதை எழுதினே."

அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

"புதன்கிழமை மூணாவது படிவம் கொண்டு வந்தாங்க. இது என் பையில இருந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் காட்டல." தங்கையின் குரல் உடைந்துவிட்டது. "நீ சொல்றது என் காதுல ஏறும்னு எவ்வளவு வீறாப்பா பேசினேன்! போட்டுட்டேன்கா. நீ பொழைச்சுட்டே, அதனால இதைச் சொல்ல முடியுது. பொழைக்காம போயிருந்தா இந்தச் சீட்டை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? யார்கிட்ட சொல்வேன்?"

சொல்லிவிட்டு அங்கேயே நின்று, முகத்தை மூடாமல், சின்ன வயதில் அழுத மாதிரி அழுதாள்.

மூத்தவள் விரலை அசைத்துக் காகிதம் கேட்டாள். தங்கை அந்தச் சீட்டையே திருப்பி வைத்து, பென்சிலைக் கையில் சொருகி, அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். எழுத வெகுநேரம் ஆயிற்று.

'கை நடுங்கிச்சா?'

தங்கை அதைப் படித்தாள். தலையை ஆட்டினாள்.

"ரொம்ப" என்றாள். "பாக்க யாரும் இல்ல."

பிறகு சுவரோரம் இருந்த நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.